அவள் கை காட்டும் வரை

கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் புருஷன். எதிரே நின்று அவனுக்குக் கை காட்டுகிறவள் பெண்டாட்டி. இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காத ஆள் அந்தக் கட்டுமானத் தளத்தில் கிடையாது. வீட்டில் யார் யாரை ஆட்டி வைக்கிறார்களோ தெரியாது, இங்கே அவள் விரலுக்கு அவன் ஆடுகிறான் என்று கலவை போடுகிறவர்களில் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லாரும் சொல்லிச் சொல்லி அந்தப் பகடி தேய்ந்தே போய்விட்டது. தேய்ந்த பிறகும் புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் இருந்தார்கள்.

தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அவள் மஞ்சள் கையுறை போட்டிருப்பாள். அதனால் மஞ்சக்கை என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவர்கள் மஞ்சக்கை என்றார்கள், இளையவர்கள் மஞ்சக்கையக்கா என்றார்கள். சம்பளம் கொடுக்கிற இடத்தில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர் இருந்தது.

அவள் முதலில் அங்கே பலகை அடுக்கத்தான் வந்தாள். கான்கிரீட் இறுகியதும் கழற்றிப் போடுகிற பலகைகளைச் சுரண்டி, ஆணி பிடுங்கி, அடுக்கி வைக்கிற வேலை. கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவன் போன் பேசிக்கொண்டே கை காட்டினான். பெண்டாட்டியைப் போடுங்கள், அவள் கை காட்டினால்தான் ஓட்டுவேன் என்று கிரேன்காரன் மேலாளரிடம் ஒற்றைக் காலில் நின்றான். ஆகவே அவள் அந்த இடத்துக்கு வந்தது புருஷன் தயவால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் தயவால் கிடைத்த வேலையைத் தயவால் செய்ய முடியாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அவள் வேலை பழகியது அடுப்படியில். கிரேன்காரன் கட்டிலில் உட்கார்ந்துகொள்வான், அதுதான் கூண்டு. கூரைக் கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்குகிற சாப்பாட்டு டப்பாதான் சரக்கு. கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருக்கும். அவள் கையை நீட்டி, சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் டப்பா இறங்கும். மேல்நோக்கிச் சுழற்றினால் ஏறும். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நிற்கும். கை அரைகுறையாக வந்தால் அவன் கயிற்றை அசைக்கவே மாட்டான். "புரியல, திரும்பக் காட்டு" என்பான். கை கடுத்து அவள் எரிந்து விழுந்தாலும் விட மாட்டான். கூடவே இருந்த கொழுந்தன் டப்பா எப்போது இறங்கும், எப்போது சாப்பிடலாம் என்று தட்டோடு காத்துக்கொண்டிருப்பான்.

அந்த முதல் வருஷத்தில் அவள் தரையில் நின்றாள். கூண்டு வானத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவள் ஒரு புள்ளி, புள்ளியில் இரண்டு மஞ்சள் கோடுகள். தோள் கழன்றுவிடும் போலக் கையை வீசிக் காட்டினால்தான் அவனுக்குத் தெரியும். வாக்கிடாக்கி ஒன்று இருந்தது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அது கரகரத்துப் பாதிப் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் கடைசி நேரத்துக்குக் கைதான் என்று வைத்திருந்தார்கள்.

கட்டடம் வளர்ந்தது. ஒவ்வொரு தளம் முடிந்ததும் அவள் ஒரு தளம் மேலே போய் நின்றாள். கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது, அவள்தான் அதை நோக்கி ஏறிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அவள் முகமே அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. தோளிலிருந்து வீசிய கை முழங்கையோடு நின்றது. பிறகு மணிக்கட்டு மட்டும் அசைந்தது. பிறகு விரல். அதற்கப்புறம் மோவாயை லேசாக ஆட்டினாலே சரக்கு ஏறியது. சரக்கை இறக்கும் முன் பின்னால் இருக்கிறவர்களை அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் அடுத்து இறக்கு என்பாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகு எதற்குக் காத்திருப்பது?

இதை எல்லாரும் கொண்டாடினார்கள். வேலை வேகமாக நடந்தது. மேலாளர் வெளியாட்களை அழைத்து வந்து, பாருங்கள், பேச்சே இல்லை, சைகையே இல்லை, எப்படிப்பட்ட ஜோடி என்று காட்டினார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். புருஷன் மனசறிந்து நடக்கிறான் என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கசக்கும்?

தூக்குக் குழுவுக்குத் தலைமை வேண்டும் என்று வந்தபோது மேலாளர் அவளைத் தேர்ந்தெடுத்தார். சரக்கைக் கட்டுகிறவர்கள், மேலே வாங்கி உட்கார வைக்கிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவள் பொறுப்பு. காற்று அதிகமென்றால் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. தேர்ந்தெடுத்தவர் கேட்டது மட்டும் கிரேன்காரனை. "என்னப்பா, உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?" என்றார். "ஒத்துக்குவா சார்" என்றான் அவன். அவள் தோளில் கயிற்றுச் சுருளோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அதனால் அப்போது அது அவளுக்கு உறுத்தவில்லை.

தலைவி ஆனபின் குறை சொல்ல அவளிடம் வந்தார்கள். முடிவு என்று வந்தால் மட்டும் எல்லார் கண்ணும் கூண்டைப் பார்த்தன. இன்றைக்குக் காற்று அதிகம் என்று அவள் சொன்னால், அண்ணன் என்ன சொல்றார் என்று கேட்டார்கள். அவளும் சில சமயம் கூண்டைப் பார்த்தாள்.

அன்றைக்கு வேலை மாடிப்படி மூலையில். வேறு இடத்தில் வார்த்து லாரியில் வரும் முழு கான்கிரீட் சுவர்களைத் தூக்கி, தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் செருகி நிற்க வைக்க வேண்டும். அந்த மூலை கூண்டிலிருந்து தெரியாது. ஏற்கெனவே நிற்கிற சுவர் மறைக்கும். விளிம்பில் நிற்கிற மஞ்சக்கை மட்டும் அவனுக்குத் தெரிவாள். மறைவில் சுவரைப் பிடித்து வழிநடத்த இரண்டு பேர். ஒருவன் தாடி, குழுவில் அனுபவசாலி, வாய் நீளம். இன்னொருவன் அவள் கொழுந்தன்.

சுவர் வந்து தளத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. சுவர் மட்டமாக உட்காரக் கீழே சின்ன இரும்புத் தகடு வைப்பார்கள். அது கொஞ்சம் நகர்ந்திருந்ததைக் கொழுந்தன் பார்த்தான். குனிந்து விரலால் தள்ளினான். தகடு உரசுகிற சத்தம் கேட்டு மஞ்சக்கை திரும்பிப் பார்த்தாள்.

சுவர் இறங்கியது.

அவள் கத்தினாளா என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. கொழுந்தன் கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தான். இரண்டு விரலில் தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான். அவன் கையுறையோ சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கை இல்லாமல் வெறும் துணியாக நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது கொழுந்தன்தான். உயிர் போய் உயிர் வந்தவன் சிரிக்கிற சிரிப்பு. உடனே தாடியும் சிரித்தான். கையுறைக்குச் சமாதி கட்டியாச்சு என்றான். அக்கா, விடுங்க, ஒன்றும் ஆகலை, அடுத்த சுவரைக் கொண்டுவரச் சொல்லுங்க என்றான்.

மஞ்சக்கை கூண்டைப் பார்த்தாள். கிரேன்காரன் கண்ணாடிக்குப் பின்னால் புருவத்தை உயர்த்தினான். அடுத்தது என்ன, என்கிற அதே பழகிய புருவம். தம்பியின் கை மயிரிழையில் தப்பியது அவனுக்குத் தெரியாது. நல்லபடியாக ஒரு சுவரை வைத்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. சாப்பாடு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வான். இங்கே, இத்தனை பேர் முன்னால், அவனுடைய ஆட்கள் முன்னால் சொன்னால் அது அவமானம். ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் எத்தனையோ சுவர் இறங்க வேண்டியிருந்தது.

அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். எல்லாவற்றையும் நிறுத்து, எஞ்சினை அணை, கீழே இறங்கு என்று அதற்குப் பொருள். அந்தக் கட்டுமானத் தளத்தில் யாரும் அதுவரை அதைக் காட்டியதில்லை. கிரேன்காரன் மோவாயை உயர்த்தி என்னவென்று கேட்டான். அவள் பதில் காட்டவில்லை. கையைத் தாழ்த்தவும் இல்லை. கீழே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தாடி சிரிப்பை நிறுத்தினான். அவளுக்குத் தோள் நடுங்க ஆரம்பித்தது. புருஷன் இறங்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. இறங்காவிட்டால் இனி அவள் கை வெறும் கைதான் என்பது மட்டும் தெரிந்தது.

எஞ்சின் சத்தம் அடங்கியது.

அவன் ஏணியில் இறங்கி, படியேறி அவர்கள் இருந்த தளத்துக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் தம்பியின் கையைப் பார்த்தான், சுவருக்கு அடியில் இருந்த கையுறையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்ததும் அந்த வெளுப்பு கோபமாக மாறிவிட்டது. ஆண்பிள்ளைகளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட்டத்தில் காட்ட வசதியாக இருக்கிறது.

"இதுக்கா என்னைக் கீழ இறக்குன?" என்றான்.

"நான் கை காட்டலைங்க. நீங்க இறக்கிட்டீங்க."

"நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். உன் கழுத்து திரும்புனா அடுத்து என்னன்னு தெரியாதா எனக்கு?"

"தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அதற்குள் மேலாளர் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். லாரிகள் வரிசையாக நிற்பதைச் சொன்னார். கையுறையைக் காட்டினார்கள். கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டு, சரி, யாருக்கும் அடிபடவில்லையே, இனிமேல் கவனமாக இருங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, குடும்பச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளம்மா என்றார்.

மஞ்சக்கைக்குக் காது சுட்டது. இது சண்டை இல்லை என்று விளக்கப் போனால் சண்டை போலவே ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் விளக்காமல் சொன்னாள்:

"இன்னைக்கு இவர் ஏற வேணாம் சார். ஆமையை ஏத்துங்க."

"யார் சொல்றது இதை?"

"தூக்குக் குழுத் தலைவி. நீங்க போட்டதுதானே."

மேலாளர் பழக்கதோஷத்தில் கிரேன்காரன் முகத்தைப் பார்த்தார். எல்லாரும்தான் பார்த்தார்கள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் மாட்டினான். படியிறங்கிப் போனான். வாசலைத் தாண்டிப் போவதை மேலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். கொழுந்தன் அண்ணியைப் பார்க்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டான்.

ஆமை என்பது மாற்று ஓட்டுநர். கிரேன்காரன் விடுப்பு எடுத்தால் மட்டும் ஏறுகிறவன். அவன் ஓட்டுகிற அன்றைக்குக் கீழே சீட்டாடலாம் என்பார்கள், அவ்வளவு மெதுவு. அன்று மதியம் அவன் ஏறினான். முதல் சுவர் மூலைக்கு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், தாடியும் கொழுந்தனும் ஒதுங்கியிருந்தார்கள். முன்னால் திரும்பித் தலையசைத்தாள். சுவர் அசையவில்லை. மறுபடி மோவாயை ஆட்டினாள். ஆமை கூண்டுக்குள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். என்ன ஜென்மமோ இது என்று அவள் பல்லைக் கடித்தாள். கண் தெரியவில்லையா இவனுக்கு?

அப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தாள். அது இடுப்பில் இருந்தது.

காலையில் புருஷனை இறக்கிவிட்டபோதுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை. அவள் கை காட்டாமல் அவன் இறக்கினான் என்று ஊர் கேட்கச் சொன்னாளே, அவள் கை காட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. அவன் கண்ணால் கேட்டான், அவள் கழுத்தால் பதில் சொன்னாள். அவனைப் பழக்கியது அவள், அவளைப் பழக்கியது அவன். எவ்வளவு நெருக்கம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் கொழுந்தனின் விரல்கள் இருந்தன. அவள் கையை முழுசாகத் தூக்கி, சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினாள். ஆமை உடனே இறக்கினான். பூப்போல உட்கார்ந்தது சுவர். அன்று மாலை வரை அப்படியே போனது. மெதுவாகத்தான் போனது. வேலை முடிந்தபோது அவளுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது, முதல் வருஷம் போல.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் கிரேன்காரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மற்றதில் அவள் அடுப்பு மூட்டினாள். நடுவில் கொழுந்தன் கட்டுப்போட்ட கையோடு தூதுபோனான். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லச் சொன்னாள் அண்ணி. பசியில்லை என்று சொல்லச் சொன்னான் அண்ணன். இரண்டையும் இருவருமே நேராகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் கொழுந்தன் தட்டை வைத்துவிட்டு, "அண்ணி, விரல் என்னோடது. எனக்கே கோபம் இல்ல. நீங்க ஏன் அண்ணனை இப்படித் தலைகுனிய வெச்சீங்க?" என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விரல் உன்னோடதுடா, ஆனா பொறுப்பு என்னோடது என்று சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த அறை வாசலில் போய் நின்றாள். முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. தப்பு அவனுடையது மட்டுமில்லை, தானும் கை காட்டுவதையே மறந்துவிட்டதாகச் சொன்னாள். ஆமை ஏறியபோதுதான் அது தெரிந்தது என்றாள்.

"இதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே" என்றது முதுகு.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். நீங்க வந்தாலும் சொல்லுவேன், வராட்டியும் சொல்லுவேன்."

வேறு கட்டுமானத் தளங்களில் அவனைக் கொத்திக்கொண்டு போக ஆள் இருந்தார்கள். நாளைக்கே ஏறச் சொல்வார்கள். அவன் அங்கே போய்விட்டால், இவள் தலைவியாக இருக்கிற தளத்தில் இவள் புருஷனே நிற்கவில்லை என்பதுதான் காலத்துக்கும் நிற்கிற பேச்சாக இருக்கும். அவனில்லாத கூண்டுக்குக் கை காட்ட முடியுமா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். முடியும் என்று தெரிந்தது. தெரிந்தபோது மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது.

விடிந்தபோது அவன் படுக்கையில் இல்லை. எங்கே போனான் என்று கொழுந்தனுக்கும் தெரியவில்லை.

வேலை தொடங்குவதற்கு முன் அவள் குழுவைக் கூட்டினாள். நேற்று நடந்ததில் பாதிக் குற்றம் தன்னுடையது என்று சொன்னாள். இன்று முதல் முழுக் கை வந்தால்தான் சரக்கு அசையும், தலையாட்டலும் கண்ணசைவும் கிடையாது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். ஆபத்து என்று கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இரண்டு கையையும் விரிக்கலாம், செங்கல் சுமக்கிறவர்கள்கூட விரிக்கலாம், விரித்தால் கிரேன் நிற்க வேண்டும், ஏன் விரித்தாய் என்று பிறகு யாரும் திட்டக் கூடாது. பலகை அடுக்குகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் அவர்களிடம் கிரேனைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

"எல்லாம் சரி அக்கா, அண்ணன் வரலையே" என்றான் தாடி.

சொல்லி வாய் மூடவில்லை. கிரேன்காரன் படியேறி வந்துகொண்டிருந்தான். யாரையும் பார்க்கவில்லை. கம்பியில் தொங்கிய தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி கிரேன் ஏணியைப் பிடித்தான். ஏற வேண்டாம் என்ற சொல் ஒரு கணம் அவள் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவன் நேற்றைய கோபத்தோடு ஏறுகிறானா, கோபத்தை விட்டுவிட்டு ஏறுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மனசு அவளுக்குத் தெரியாமல் போன முதல் நாள் அது.

மூலையில் கடைசிச் சுவர். காற்று சற்றுத் தூக்கலாக இருந்தது, நிறுத்துகிற அளவுக்கு இல்லை. சுவரின் இரண்டு ஓரத்திலும் கட்டிய கயிறுகளை ஆள் பிடித்திருந்தார்கள். ஒன்றைக் கொழுந்தன் நல்ல கையால் பிடித்திருந்தான். சுவர் வந்து இடுப்பு உயரத்தில் நின்று, காற்றில் லேசாக இழுபட்டது. மஞ்சக்கை இரு பக்கமும் பார்த்தாள். இறக்கலாம். கை பாதி எழுந்தது.

பின்னால் டங்கென்று ஒரு சத்தம். அவள் கழுத்து தானாகத் திரும்பியது.

தாடி சுவருக்கு அடியில் முட்டிபோட்டிருந்தான். தளத்துக் கம்பி ஒன்று வளைந்திருப்பதைக் கடைசி நேரத்தில் பார்த்து, இரும்புக் குழாயைச் செருகி நிமிர்த்திக்கொண்டிருந்தான். தலையும் ஒரு தோளும் சுவருக்கு நேர் கீழே. நேற்றுக் கையுறைக்குச் சமாதி கட்டியவன்தான்.

தன் கழுத்து என்ன சொல்லிவிட்டது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. பல மாதமாக அந்தத் திருப்பத்துக்கு ஒரே அர்த்தம்தான். உடம்பு விறைத்துப்போயிற்று. கத்தினால் தாடி நிமிர்ந்து சுவரில் இடித்துக்கொள்வான். கிரேன் கயிறு கிரீச்சிடும், பிறகு சுவர் வரும். அந்தக் கிரீச்சுக்காக அவள் காது காத்திருந்தது.

கிரீச்சு வரவில்லை. சுவர் நின்ற இடத்தில் நின்றது.

அவள் கையைப் பக்கவாட்டில் முழுசாக நீட்டினாள், உள்ளங்கை தரையைப் பார்க்க. நில். பிறகு தாடியை, பதறாமல், குனிந்தபடியே பின்னால் வா என்றாள். அவன் வந்தான். வெளியே வந்து சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நீளமான அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் அவனைத் திட்டவும் இல்லை. திட்டுவதற்கு நாள் இருக்கிறது. எல்லாரும் ஒதுங்கியாயிற்றா என்று இன்னொருமுறை பார்த்தாள். முன்னால் திரும்பி, தோளிலிருந்து கையைத் தூக்கி, சுட்டுவிரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினாள். சுவர் இறங்கிக் கம்பிகளில் உட்கார்ந்தது.

இடைவேளையில் கிரேன்காரன் கீழே வந்தான். டீ குடிக்கப் போகாமல் நேராக அவளிடம் வந்தான்.

"நீ திரும்பிப் பார்த்தியே, அப்ப அங்க என்ன இருந்துச்சு?"

அவள் சொன்னாள். அவன் பலகை அடுக்கின் மேல் மெல்ல உட்கார்ந்தான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"நீ திரும்புனதும் கை தானா லீவருக்குப் போயிடுச்சு. இறக்கத்தான் இருந்தேன். உன் கை வரல. அதான் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் எங்கே போனீங்க என்று கேட்டாள். வேறு கட்டுமானத் தளத்துக்குத்தான் போனதாகவும், வாசல் வரைக்கும் போய்விட்டு, அங்கே யார் கை காட்டுவார்கள் என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டதாகவும் சொன்னான். அதை அவன் சிரிக்காமல் சொன்னான், அவளும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்தத் தளத்தில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. மேலாளர் முணுமுணுத்தார். ஒருநாள் பலகை அடுக்குகிற ஒருத்தி பயந்து பயந்து இரண்டு கையையும் விரித்தாள். கிரேன் நின்றது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, கயிற்றின் நிழலைப் பிரிந்த நார் என்று நினைத்துவிட்டாள். மஞ்சக்கை எல்லாரும் கேட்கும்படி அவளிடம், நல்லது, சந்தேகம் வந்தால் மறுபடியும் விரி என்றாள். அடுத்தமுறை விரித்தபோது நார் உண்மையாகவே பிரிந்திருந்தது. முணுமுணுப்பு நின்றது. காற்று அதிகம் என்று அவள் சொன்னால் இப்போது யாரும் கூண்டைப் பார்ப்பதில்லை.

கட்டடம் முடிகிற சமயத்தில் மேலாளர் ஒரு செய்தியோடு மேலே வந்தார். அடுத்த கட்டுமானத் தளம் பெரியது, இரண்டு கிரேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலைமை வேண்டும், மஞ்சக்கைதான் வேண்டும் என்று அங்குள்ளவர்களே கேட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்கியபடி வந்தவர் வழக்கம்போல் கிரேன்காரன் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா, உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

மஞ்சக்கை கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எனக்குத் தெரியாது சார்" என்றான் கிரேன்காரன். "பக்கத்துலதானே நிக்கறா. அவளையே கேளுங்க."

மேலாளர் திரும்பினார். அவள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல் அவள் புருஷனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.